கேஸ் கீசரில் தண்ணீர் சூடாகலையா? மெக்கானிக்குக்கு போன் போடும் முன் பாத்ரூம் ஜன்னலைப் பாருங்க!

கேஸ் கீசரில் தண்ணீர் வெதுவெதுப்பாக மட்டும் வந்தால் வீட்டில் முதலில் வரும் வார்த்தை, 'கீசர் போச்சு'. பெரும்பாலான நேரங்களில் அது போகவில்லை. பேட்டரி தீர்ந்திருக்கும், டேங்க் தண்ணீரின் அழுத்தம் குறைந்திருக்கும், சிலிண்டர் கடைசிக் கட்டத்தில் இருக்கும், குழாயைத் தேவைக்கு மேல் திறந்திருப்பார்கள். இவையெல்லாம் பத்து நிமிஷத்தில் வீட்டிலேயே கண்டுபிடிக்கக்கூடியவை. ஆனால் இதே 'சரியா சூடாகலை' என்ற புகாருக்குப் பின்னால் உயிரை எடுக்கக்கூடிய ஒரு காரணமும் ஒளிந்திருக்கலாம். அதைப் பற்றி யாரும் பேசுவதில்லை என்பதுதான் பிரச்சினை.

சென்னை வீடுகளில் கரண்ட் கீசர்தான் அதிகம். வேலைக்காக பெங்களூரு, புனே பக்கம் போய் வாடகை வீடு எடுப்பவர்கள்தான் பலரும் முதல் முறையாக கேஸ் கீசரைப் பார்க்கிறார்கள். ஊட்டி, கொடைக்கானல் வீடுகளிலும் உண்டு. வீட்டு உரிமையாளர் மாட்டி வைத்த பெட்டி, பக்கத்தில் ஒரு சிலிண்டர், மேனுவல் எங்கே என்று யாருக்கும் தெரியாது. சுவிட்சும் கிடையாது. ஹாட் வாட்டர் குழாயைத் திறந்தால் தானாகவே பற்றிக்கொள்ளும். பற்றாத அன்றுதான் அது எப்படி வேலை செய்கிறது என்ற கேள்வியே வருகிறது.

உள்ளே என்ன நடக்கிறது?

சங்கிலி மாதிரி ஒன்றன் பின் ஒன்றாக நடக்கும் வேலை அது. குழாயைத் திறந்ததும் ஓடும் தண்ணீர், கீசருக்குள் இருக்கும் ரப்பர் டயாப்ரம் ஒன்றைத் தள்ளும். அது ஒரு சின்ன சுவிட்சை அழுத்தும். உடனே அடியில் இருக்கும் 2 பெரிய டார்ச் லைட் பேட்டரிகளில் இருந்து மின்சாரம் போய், 'டக் டக் டக்' என்று பொறி பறக்கும். அதே நேரத்தில் கேஸ் வால்வு திறந்து பர்னர் பற்றும். பற்றியதா இல்லையா என்று பார்க்க ஒரு சென்சார் கம்பி தீயின் நடுவில் நீட்டிக்கொண்டிருக்கும். தீ இல்லையென்றால் சில நொடிகளில் கேஸை மூடிவிடும். மேலே செப்புக் குழாய் சுற்றியிருக்கும். அதற்குள் ஓடும் தண்ணீர்தான் சூடாகி வெளியே வருகிறது.

சேமித்து வைக்க டேங்க் எதுவும் இல்லை. ஓடுகிற ஓட்டத்திலேயே சூடாக வேண்டும். கேஸ் கீசர் புகார்களில் பாதிக்கு விளக்கம் இந்த ஒரு வரியில் இருக்கிறது.

சத்தத்தைக் கேட்டாலே பாதி தெரிஞ்சிடும்

குழாயைத் திறந்துவிட்டு கீசர் பக்கத்தில் நின்று கேளுங்கள். 'டக் டக்' சத்தமே வரவில்லையா? கேஸைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். பேட்டரி தீர்ந்திருக்கும், இல்லையென்றால் தண்ணீர் ஓட்டம் போதவில்லை. முதலில் 2 பேட்டரியையும் சேர்த்து மாற்றிப் பார்க்கலாம். ஒன்று பழசு, ஒன்று புதுசு என்று போடும் சிக்கனம் இங்கே வேலைக்கு ஆகாது. பாத்ரூம் ஈரத்தில் பேட்டரி முனையில் பச்சையாகவோ வெள்ளையாகவோ படிந்திருந்தால், காய்ந்த துணியால் துடைத்தாலே சரியாகிவிடுவதும் உண்டு.

சத்தம் வருகிறது, தீ பற்றவில்லை என்றால் கேஸ் வந்து சேரவில்லை. ரெகுலேட்டர் 'ஆன்' நிலையில் இருக்கிறதா, சிலிண்டரில் கேஸ் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். புது சிலிண்டர் மாட்டிய உடனே ட்யூபில் காற்று நிற்கும் என்பதால், இரண்டு மூன்று முறை குழாயை மூடித் திறந்த பிறகு பற்றுவது சகஜம். அதற்கு மேலும் முயற்சி செய்துகொண்டே இருக்கக் கூடாது. பற்றாத கேஸ் ரூமில்தான் தேங்கும். எல்.பி.ஜி. காற்றைவிடக் கனமானது, தரையோடு படிந்து நிற்கும்.

தீ பற்றி, கொஞ்ச நேரத்தில் அணைந்தால் என்ன அர்த்தம்? இங்கேதான் கவனம் தேவை. சுமார் 20 நிமிஷம் தொடர்ந்து ஓடினால் தானே அணைந்துவிடும் டைமர் பல மாடல்களில் இருக்கிறது. வீட்டில் 4 பேர் வரிசையாக, குழாயை மூடாமல் குளித்தால் மூன்றாவது ஆளுக்குப் பச்சைத் தண்ணீர் வரும். அது கோளாறு இல்லை. மூடித் திறந்தால் மீண்டும் பற்றும். ஆனால் ஐந்து, ஆறு நிமிஷத்திலேயே திரும்பத் திரும்ப அணைகிறது, அதுவும் கதவைச் சாத்திக் குளிக்கும்போது மட்டும் அணைகிறது என்றால் கதை வேறு. அதைக் கீழே விரிவாகப் பார்க்கலாம்.

ஒரு லிட்டர் பாட்டில் போதும்

தீ நன்றாக எரிகிறது, ஆனாலும் தண்ணீர் சூடு பத்தவில்லை என்பதுதான் அடிக்கடி கேட்கும் புகார். இதற்குச் சின்னக் கணக்கு ஒன்று தெரிந்திருந்தால் போதும்.

கடையில் '6 லிட்டர்' என்று சொல்லி விற்கும் கீசர் 6 லிட்டரைக் கொதிக்க வைக்காது. நிமிஷத்துக்கு 6 லிட்டர் தண்ணீரை, வந்த வெப்பநிலையிலிருந்து சுமார் 25 டிகிரி கூட்டித் தரும், அவ்வளவுதான். டேங்க் தண்ணீர் 20 டிகிரியில் இருந்தால் 45 டிகிரி கிடைக்கும், குளிக்க அருமையான சூடு. அதே கீசர் ஊட்டியில் 10 டிகிரி தண்ணீரை வாங்கினால் 35 டிகிரிதான் தரும். அது வெதுவெதுப்புகூட இல்லை. கீசரில் எந்தப் பழுதும் இல்லை, ஊர்தான் குளிர்கிறது. தீர்வு, குழாயைக் குறைத்துத் திறப்பது. நிமிஷத்துக்கு 3 லிட்டராகக் குறைத்தால் அதே தீ 50 டிகிரி கூட்டிவிடும். 20 டிகிரி தண்ணீரில் இப்படிச் செய்தால் 70 டிகிரி, தோல் வெந்துவிடும் சூடு என்பதையும் மறக்கக் கூடாது. வீட்டில் குழந்தையோ வயதானவரோ இருந்தால் பக்கெட்டில் கலந்து, கையை விட்டுப் பார்த்த பிறகுதான் ஊற்ற வேண்டும்.

'சூடா வரலை' என்றதும் நிறைய பேர் குழாயை இன்னும் பெரிதாகத் திறக்கிறார்கள். செய்ய வேண்டியது நேர் எதிர்.

ஓட்டம் எவ்வளவு என்று அளக்கக் கருவி எதுவும் வேண்டாம். ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டில், போனில் இருக்கும் ஸ்டாப் வாட்ச் இரண்டும் போதும். பாட்டில் 10 நொடியில் நிரம்பினால் நிமிஷத்துக்கு 6 லிட்டர். 20 நொடி என்றால் 3 லிட்டர். 25 நொடிக்கு மேல் ஆகிறது என்றால் 2.4 லிட்டருக்கும் கீழே. பல மாடல்கள் சுமார் 2.5 லிட்டருக்குக் கீழ் போனால் பற்றவே பற்றாது. டயாப்ரத்தைத் தள்ளும் அளவுக்குத் தண்ணீருக்குத் தெம்பு இல்லை என்று அர்த்தம்.

மேல் மாடியில் குடியிருப்பவர்களுக்கு இந்தத் தொல்லை அதிகம். டேங்க் 10 மீட்டர் உயரத்தில் இருந்தால் குழாயில் 1 பார் அழுத்தம் கிடைக்கும். கடைசி மாடியில் தலைக்கு மேல் 2 மீட்டரில்தான் டேங்க் என்றால் 0.2 பார். பல கீசர்களுக்கு அது எல்லைக்கோடு. டேங்க் நிறைந்திருக்கும் காலையில் பற்றும், பாதி காலியான பிறகு பற்றாது. தரைத்தளத்தில் இதே மாடல் பிரமாதமாக ஓடும். மெக்கானிக் வந்து கீசரை மாற்றினாலும் இது சரியாகாது. பிரஷர் பம்ப்தான் வழி.

முன்பு நன்றாக இருந்த ஓட்டம் இப்போது குறைந்திருக்கிறது என்றால், தண்ணீர் உள்ளே நுழையும் இடத்தில் இருக்கும் சின்ன வலையைக் கழற்றிக் கழுவ வேண்டும். டேங்க் மண், துரு, பாசி எல்லாம் அங்கேதான் மாட்டும். ஷவர் தலையில் உப்பு அடைத்திருந்தாலும் இதே கதைதான். மிக்ஸர் குழாய் இன்னொரு வில்லன். சூடு அதிகம் என்று பச்சைத் தண்ணீர் பக்கம் திருப்பும்போது கீசர் வழியாகப் போகும் ஓட்டம் குறைந்து, தீ அணைந்து, ஷவரில் திடீரென்று ஐஸ் தண்ணீர் கொட்டும். சூட்டைக் குறைக்க வேண்டுமென்றால் கீசரில் இருக்கும் கேஸ் திருகை, இருந்தால் 'சம்மர்' நிலையை, பயன்படுத்துவதே சரி. போன கோடையில் 'சம்மர்' பக்கம் திருப்பி வைத்ததை மறந்துவிட்டு டிசம்பரில் மெக்கானிக்கைக் கூப்பிடுவதும் நடக்கிறது.

சிலிண்டரும் உப்புத் தண்ணியும்

முழுத் தீயில் 6 லிட்டர் கீசர் ஒரு மணி நேரத்துக்குச் சுமார் 1 கிலோ கேஸ் குடிக்கும். 4 பேர் தலா 7 நிமிஷம் குளித்தால் ஒரு நாளைக்கு அரை மணி நேரம். அப்படியானால் 14.2 கிலோ சிலிண்டர் ஏறக்குறைய ஒரு மாதம் மட்டுமே வரும். அடுப்பை மட்டும் பார்த்துப் பழகியவர்கள் 'இப்போதானே மாத்தினோம்' என்று கேஸ் தீர்ந்ததையே சந்தேகிக்க மாட்டார்கள்.

குளிர் நாளில் இன்னொன்றும் நடக்கும். எல்.பி.ஜி. என்பது புரொபேன், பியூட்டேன் கலவை. புரொபேன் முதலில் வேகமாக ஆவியாகிப் போய்விட, கடைசியில் மிஞ்சுவது பெரும்பாலும் பியூட்டேன். அது 0 டிகிரிக்குப் பக்கத்தில்தான் கொதிக்கும் என்பதால், குளிரில் அழுத்தம் விழுந்து தீ சோர்ந்துவிடும். சிலிண்டர் வெளியே வியர்த்திருக்கும். அதற்காக வெந்நீர் ஊற்றுவது, படுக்கப் போட்டு உருட்டுவது எல்லாம் வேண்டவே வேண்டாம். படுக்க வைத்தால் திரவமாகவே கேஸ் வெளியே வரும். ஒரே சிலிண்டரில் டி-ஜாயின்ட் போட்டு அடுப்பையும் கீசரையும் ஓட்டும் வீடுகளில், தோசை சுடும் நேரத்தில் கீசர் மங்குவதும் அழுத்தம் பத்தாமல்தான்.

போர் தண்ணீர் வரும் வீடுகளில் செப்புக் குழாயின் உட்புறம் உப்புப் படியும். தீ எரிந்தும் சூடு தண்ணீருக்கு ஏறாது, கொஞ்சம் கொஞ்சமாக மாதக்கணக்கில் குறையும். நேற்று வரை நன்றாக இருந்து இன்று திடீரென்று நின்றால் காரணம் உப்பு இல்லை. இதைச் சுத்தம் செய்யும் வேலையை சர்வீஸ்காரரிடம் விடுவதே நல்லது. குழாய் கழுவும் ஆசிட்டை ஊற்றி செப்பையே ஓட்டை போட்டுக்கொண்டவர்கள் உண்டு.

இங்கேதான் ஆபத்து

இதுவரை பார்த்தவை எல்லாம் அசௌகரியங்கள். அடுத்தது அப்படியில்லை.

கீசரின் முன்பக்கம் தீயைப் பார்க்க ஒரு சின்னக் கண்ணாடித் துவாரம் இருக்கும். தீ நீலமாக, நிமிர்ந்து எரிய வேண்டும். மஞ்சளாக, நாக்கை நீட்டி ஆடினால் கேஸ் முழுதாக எரியவில்லை. பர்னரில் தூசி அடைத்திருக்கலாம், மேலே இருக்கும் தகடுகளில் கரி படிந்திருக்கலாம், ரூமில் காற்றே தீர்ந்திருக்கலாம். முழுதாக எரியாத தீ, சூடும் குறைவாகத் தரும், கார்பன் மோனாக்சைடையும் கக்கும். 'சரியா சூடாகலை' என்ற புகாரும் மரணமும் சந்திக்கும் இடம் இது.

கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. கேஸ் லீக்கானால் மூக்கைத் துளைக்கும் நாற்றம், எல்.பி.ஜி.யில் வேண்டுமென்றே கலக்கப்பட்டது. எரிந்த பிறகு அது இருக்காது. ரத்தத்தில் ஆக்ஸிஜன் ஒட்ட வேண்டிய இடத்தில் கார்பன் மோனாக்சைடு அதைவிட 200 மடங்குக்கும் மேலான பிடிப்போடு ஒட்டிக்கொள்ளும். முதலில் தலைவலி, கிறுகிறுப்பு, குமட்டல். வெந்நீரில் நின்ற களைப்பு என்று நினைத்துக்கொள்வார்கள். பிறகு கால் மடங்கும், தாழ்ப்பாளை எட்டித் திறக்கும் தெம்புகூட இருக்காது. ஒவ்வொரு குளிர்காலமும் 'பாத்ரூமில் மயங்கிக் கிடந்தனர், கேஸ் கீசர் காரணம்' என்று செய்தி வருகிறது. இளைஞர்கள், புதுமணத் தம்பதிகள், குழந்தைகள் என்று அதில் இருப்பவர்கள் பெரும்பாலும் நோயாளிகள் இல்லை.

எவ்வளவு நேரத்தில் காற்று தீரும்? 5 அடிக்கு 7 அடி, 8 அடி உயரம் உள்ள சாதாரண அப்பார்ட்மென்ட் பாத்ரூமில் சுமார் 8 கன மீட்டர் காற்று இருக்கும். 1 கிலோ கேஸ் முழுதாக எரிய ஏறக்குறைய 13 கன மீட்டர் காற்று வேண்டும். 15 நிமிஷம் முழுத் தீயில் ஓடினால் கால் கிலோ, அதாவது 3 கன மீட்டருக்கு மேல். அறை இறுக மூடியிருந்தால் ஒரே குளியலில் அங்கிருக்கும் ஆக்ஸிஜனில் 40 சதவீதம் தீயே தின்றுவிடும். நிஜத்தில் கதவிடுக்கில் கொஞ்சம் காற்று வரும். ஆனால் அந்த இடுக்கைத்தான் 'குளிருது' என்று துண்டு வைத்து அடைக்கிறார்கள்.

சில மாடல்களில் ஆக்ஸிஜன் குறைந்தால் தீயை அணைக்கும் சென்சார் இருக்கிறது. கதவைச் சாத்தியதும் கீசர் அடிக்கடி அணைகிறதென்றால், அது கெட்டுப்போகாமல் இருக்கக்கூடும். தன் வேலையைச் சரியாகச் செய்துகொண்டிருக்கிறது. 'சென்சார் போயிடுச்சு சார், வயரை டைரக்ட் பண்ணிட்டா நிக்காம எரியும்' என்று யாராவது சொன்னால், அவரை அதே வேகத்தில் வாசலுக்கு அனுப்பிவிடலாம். சென்சார் உண்மையிலேயே பழுதென்றால் புதுசு மாட்ட வேண்டும். அதுவரை கீசர் ஓடக் கூடாது.

எக்ஸாஸ்ட் ஃபேன் இருக்கிறதே என்று ஒரு வாதம் உண்டு. ஃபேன் வெளியே தள்ளும் அளவுக்கு உள்ளே காற்று வர வழி வேண்டும். கதவும் ஜன்னலும் மூடிய அறையில் ஃபேன் சும்மா சத்தம் போடும், அவ்வளவே. கதவின் அடியில் ஜாலி, மேலே திறந்த வென்டிலேட்டர் என்று இரண்டும் இருந்தால்தான் காற்று நகரும்.

அப்போ எங்கே மாட்டுவது?

பாத்ரூமுக்கு வெளியே. பால்கனியிலோ, துணி துவைக்கும் யூட்டிலிட்டி பகுதியிலோ கீசரும் சிலிண்டரும் இருந்து, சுடுதண்ணீர் குழாய் மட்டும் உள்ளே போக வேண்டும். குழாய் நீளமாவதால் முதல் அரை நிமிஷம் பச்சைத் தண்ணீர் வரும், காற்று அதிகமான நாளில் தீ அணையும். அந்தத் தொல்லைகளைப் பொறுத்துக்கொள்ளலாம். இந்த வகைக் கீசர்களுக்கு 2005-லேயே ஐ.எஸ். 15558 என்று தனியாக இந்தியத் தரம் வந்துவிட்டது. பெட்டியில் அந்த எண்ணும் ஐ.எஸ்.ஐ. முத்திரையும் இருக்கிறதா என்று பார்ப்பது அவசியம். ஆனால் பெட்டி எவ்வளவு தரமானதாக இருந்தாலும், மாட்டும் இடம் தப்பு என்றால் தரம் காப்பாற்றாது.

வாடகை வீட்டில் இதை யார் செய்வது என்பதுதான் சிக்கல். பெயின்ட் அடித்துத் தருவது, 11 மாத ஒப்பந்தம், அட்வான்ஸ் என்று எல்லாவற்றையும் பேசுபவர்கள், பாத்ரூமுக்குள் தொங்கும் கேஸ் கீசரை 'எக்ஸ்ட்ரா வசதி' என்று நினைத்துச் சாவியை வாங்கிக்கொள்கிறார்கள். வென்டிலேட்டர் இல்லாத பாத்ரூமில் கேஸ் கீசர் மாட்டித் தருவது வசதி இல்லை. வெளியே மாற்றித் தரச் சொல்லிக் கேட்பதில் தயக்கமே தேவையில்லை. இடமே இல்லாத வீடு என்றால் கரண்ட் கீசர்தான் சரி. 15 லிட்டர், 2 கிலோவாட் கீசர் தண்ணீரை 25 டிகிரி கூட்ட 13 நிமிஷம்தான் எடுக்கும். ஒருவர் காபி போட்டுக் குடிக்கும் நேரம்.

'ஓனர் கேட்க மாட்டார், வேறு வீடும் இப்போ கிடைக்காது' என்பவர்களுக்குப் பாட்டி காலத்து வழி ஒன்று இருக்கிறது. கதவைத் திறந்து வைத்து, பக்கெட்டில் வெந்நீர் பிடித்து, கீசரை நிறுத்தி, சில நிமிஷம் காற்று மாறவிட்டு, அதற்குப் பிறகு கதவைச் சாத்திக் குளிப்பது. ஷவர் சுகம் போகும். தீ எரியும்போது மூடிய அறைக்குள் ஆள் இல்லை என்பது உறுதியாகும். வீட்டில் கீசரைப் பயன்படுத்தும் எல்லாருக்கும், ஊரிலிருந்து வந்து தங்கும் அப்பா அம்மா உட்பட, இதைச் சொல்லி வைக்க வேண்டும். சென்ற வாரம் புதிதாக வந்த ரூம்மேட்டுக்குத் தெரிந்திருக்காது.

வருஷத்துக்கு ஒரு முறை, குளிர்காலம் தொடங்கும் முன், பர்னரையும் தகடுகளையும் கழற்றிச் சுத்தம் செய்யச் சொல்ல வேண்டும். ஆரஞ்சு நிற சுரக்ஷா ட்யூபை 5 வருஷத்தில் மாற்ற வேண்டும், அதன் மேலேயே தேதி அச்சிட்டிருக்கும். கேஸ் நாற்றம் அடித்தால் எந்த சுவிட்சையும் தொடாமல் ரெகுலேட்டரை மூடி, ஜன்னலைத் திறந்துவிட்டு, வெளியே வந்து 1906-க்குப் பேச வேண்டும்.

நாற்றமே இல்லாமல் தலை கிறுகிறுத்தால் இன்னும் அவசரம். கீசரை அணைக்கத் தேடக்கூட வேண்டாம், முதலில் கதவைத் திறந்து வெளியே வர வேண்டும். உள்ளே போனவர் கூப்பிட்டும் பதில் சொல்லவில்லை என்றால் கதவை உடைத்து, அவரைத் திறந்த வெளிக்கு இழுத்து வந்து 108-ஐ அழைக்க வேண்டும். மூச்சைப் பிடித்துக்கொண்டு உள்ளே போவது முக்கியம், காப்பாற்றப் போனவரும் அங்கேயே விழும் ஆபத்து உண்டு. ஆஸ்பத்திரியில் 'மயங்கி விழுந்தார்' என்று மட்டும் சொல்லாமல், 'பாத்ரூமில் கேஸ் கீசர் ஓடிக்கொண்டிருந்தது' என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். விரலில் மாட்டும் சாதாரண ஆக்ஸிமீட்டர், கார்பன் மோனாக்சைடு ஒட்டிய ரத்தத்தையும் ஆக்ஸிஜன் என்றே நினைத்து நார்மல் எண்ணைக் காட்டும்.